பம்புசெட்டில் நனைந்த பள்ளிவாசல் கம்பளம்

சென்ற ஆண்டு மாசி மாதம் நடந்தது இது. தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் ஒரு சிறிய ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். அங்கே நான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் அதைச் சரியும் செய்தேன். சரி செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்வது கூட நியாயமில்லை. எனக்குச் சரி செய்து கொடுத்தார்கள். என் பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நானும் என் மனைவியும் தஞ்சாவூரில் சுத்தம் செய்கிற தொழில் நடத்துகிறோம். புதுவீடு குடிபோவதற்கு முன் தரையில் சிந்திய பெயிண்டைச் சுரண்டுவது, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்ப்பது, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைக் கழுவி விடுவது, இதெல்லாம் எங்கள் வேலை. ஆரம்பத்தில் இரண்டு துடைப்பம், ஒரு வாளி, நாங்கள் இரண்டு பேர். பிறகு எங்கள் தெருவிலிருந்து இரண்டு அக்காக்கள் வந்து சேர்ந்தார்கள். நான்கு குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற அளவுக்கு அந்த வாளியும் துடைப்பமும் எங்களைக் கொண்டுவந்துவிட்டன.

ஒரு குறை மட்டும் இருந்தது. இப்போது மண்டபம் என்றால் ஏ.சி. ஹால், ஏ.சி. ஹால் என்றால் கீழே கார்ப்பெட். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் ஊரில் கட்டுகிற வீடுகளிலும் கார்ப்பெட். போகிற இடமெல்லாம், "கார்ப்பெட் பண்ணுவீங்களா?" என்று கேட்பார்கள். நான் தலையைச் சொறிவேன். பல வருடமாக நாங்கள் கழுவிவந்த ஒரு மண்டபம், கார்ப்பெட்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மொத்த வேலையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள், "நாமளும் கத்துக்குவோங்க. மொதல்ல தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கவே நடுங்கினீங்க. இப்ப உள்ள எறங்கினா வெளிய வரவே மாட்டேங்கறீங்க."

அப்படித்தான் திருச்சிக்குப் போய் அந்த மெஷினை வாங்கினோம். தொந்தியும் தும்பிக்கையுமாக, பார்க்கப் பிள்ளையார் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் சோப்புத் தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளிக்கும். அடுத்த நொடியே தும்பிக்கை வழியாக அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சிக்கொள்ளும். விற்றவர் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார். மெஷினோடு ஒரு ஆங்கிலப் புத்தகமும் கொடுத்தார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், மனைவி பன்னிரண்டாவது முடித்தவள். அவள் போனை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி ஒரு வாரம் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தண்ணி கொஞ்சமா விடணுமாம். விட்டதை நெறைய நேரம் உறிஞ்சணுமாம். அவ்வளவுதாங்க வித்தை."

ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறை, ஒரு நகைக்கடையின் மாடி அறை என்று இரண்டு சின்ன வேலைகள் செய்தோம். இரண்டும் நன்றாக அமைந்தன. என் நடையே மாறிவிட்டது என்று அக்காக்கள் கேலி செய்தார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் அந்த ஊர்ப் பள்ளிவாசல். நகைக்கடைக்காரர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை முத்தவல்லி என்பார்கள். எழுபது வயது இருக்கும் அவருக்கு. உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். வெள்ளைக் கரை போட்ட கருநீலக் கம்பளம், ஆள் உயரத்துக்கும் மேல் அகலமான ஆறு நீளச் சுருள்களாக வந்ததாம். அந்த ஊரிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் சேர்ந்து வாங்கி அனுப்பியது. ஒட்டாமல் அப்படியே வரிசையாக விரித்திருந்தார்கள். போன வருட நோன்புக் கஞ்சி சிந்திய கறை, டீக் கறை, வருடம் முழுக்கப் பட்ட கால் அழுக்கு என்று நீலமே சாம்பலாகிக் கிடந்தது.

"தம்பி, செவ்வாய்க்கிழமை பிறை தெரியலாம். தெரிஞ்சா அன்னிக்கே ரமலான் தொழுகை ஆரம்பம். ஊரே வரும். மத்த நாள்ல பாயை விரிச்சுச் சமாளிச்சுக்குவோம். ரமலான்ல நெடுநேரம் தொழணும், வயசானவங்க முழங்காலு பாயில தாங்காது," என்றார். பிறகு குனிந்து கம்பளத்தைத் தொட்டுச் சொன்னார். "நெத்தியும் மூக்கும் படுற எடம் இது. அதைமட்டும் மனசுல வச்சுக்கிட்டுச் செய்ங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. "நாளைக்கே விரிச்சுத் தந்துடறேன் பாய்," என்று சொன்னேன். கேட்காத வாக்கை நானாகவே கொடுத்தேன்.

அன்றைக்கே மெஷினை ஓட்டினோம். முதல் தடவை வந்த தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவையும் கறுப்பாகத்தான் வந்தது. மனைவி, "வரட்டுங்க, கொஞ்சங்கொஞ்சமா வெளுக்கும்," என்றாள். எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளைகளே, எங்கள் பகுதியில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தால்தான் எங்களுக்கு மனசு நிறையும். மாடு, வண்டி, ஜமுக்காளம், எதுவாக இருந்தாலும் பம்புசெட் அடியில் கொண்டுபோய்ப் போட்டால் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் கணக்கு. பூத்தூறலில் அழுக்குப் போகும் என்பதை என் மனசு ஒப்பவில்லை.

"வெண்ணாத்துல முங்கி வளந்தவன்கிட்ட சொட்டுநீர்ப் பாசனம் சொல்றியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் பம்புசெட்டைப் பாத்திருக்க மாட்டான்."

அக்காக்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொம்பு முளைத்தது. ஆறு சுருளையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே தெரிந்தவர் வயலில் இருந்த பம்புசெட்டுக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் குபுகுபுவென்று விழ, கம்பளத்தை அதன் அடியில் இழுத்து இழுத்துப் போட்டுத் துவைத்தோம். அழுக்கு ஆறாக ஓடியது. நீலம் எழுந்து வந்தது. வெள்ளைக் கரை பளிச்சென்று தெரிந்தது. நான் போட்டோ எடுத்து முத்தவல்லிக்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. அதை மனைவியிடம் நீட்டிக் காட்டினேன். அவள் சுருளின் ஒரு முனையைத் தூக்கப் பார்த்தாள். அசையவே இல்லை. வண்டியில் ஏற்றும்போது இரண்டு பேர் தூக்கிய சுருளுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தது.

ரோட்டோரத்தில் விரித்தோம். வெயில் இறங்கிவிட்டது. மாசிப் பனிக்குப் பயந்து ராத்திரி ஒரு கொட்டகைக்குள் இழுத்துப் போட்டோம். திங்கட்கிழமை விடியும்போதே மூட்டம். நடுவில் தூறல் வேறு. அதற்கப்புறம் கொஞ்சம் காற்றும் வெயிலும் வந்தன. சாயங்காலம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அப்பாடா என்று ஒரு சுருளை மட்டும் முதலில் கொண்டுபோய் விரித்தேன்.

முத்தவல்லி தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு மண்டியிட்டு, தொழுகையில் செய்வது போலவே நெற்றியைக் கம்பளத்தில் வைத்தார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"மேல காஞ்சிருக்கு தம்பி. உள்ள என்னமோ வாடை அடிக்குது."

நானும் குனிந்தேன். நனைந்த சாக்கு வாடை. ஓரத்தைப் புரட்டினால், அடியில் இருந்த சணல் நெசவு சொதசொதவென்று இருந்தது. வெள்ளைக் கரையில் சணல் சாயம் ஊறி, டீ சிந்தினாற்போலப் பழுப்புப் பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. நான் வருவதற்கு முன் அந்தக் கம்பளத்தில் அழுக்குதான் இருந்தது. இப்போது நாற்றமும் புதுக் கறையும் இருந்தன.

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். திட்டவில்லை. "நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பாருங்க. முடியலன்னா பாயை விரிச்சுக்கறோம். கெழவங்க பாடுதான் கொஞ்சம் செரமம்," என்றார். அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்தது இன்றைக்கும் மறக்கவில்லை.

வாசலில் நின்று, மெஷின் விற்ற திருச்சிக்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"பம்புசெட்ல..."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" சொன்னேன். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். தண்ணீர் விடாமல் மெஷினை உறிஞ்ச மட்டும் விட வேண்டும். அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. பழுப்புக் கறைக்கு வினிகரைத் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து துணியால் ஒற்ற வேண்டும். அப்புறம் மேலும் கீழும் காற்றுப் போகிற மாதிரி காய வைக்க வேண்டும். "ஒரு நாள் நல்ல வெயில் கெடைச்சாத் தப்பிச்சீங்க. இல்லன்னா அந்த வாடை போகவே போகாது," என்றார்.

செவ்வாய்க்கிழமை. நல்லவேளையாக வெயில் பளிச்சென்று வந்தது. ஆனால் இடம் இல்லை. சம்பா, தாளடி அறுவடை முடிகிற நேரம். முதல்நாள் தூறலில் நனைந்த நெல்லை ஊரே வெளியில் கொட்டிக் காயவைத்திருந்தது. தார் ரோட்டில் நெல், கோயில் வாசலில் நெல், பள்ளிக்கூடத்து மைதானத்தில் நெல். ஆறு சுருளை வண்டியில் வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் சுற்றுகிறோம், ஒரு பாய் அகலத்துக்குக் கூட இடம் கிடைக்கவில்லை.

வயலோரத்தில் பெரிய சிமெண்டுக் களம் ஒன்று தெரிந்தது. அதிலும் நெல்தான். முப்பது, முப்பத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாகக் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தாள். மறுநாள் கொள்முதல் நிலையத்தில் அவள் முறை, ஈரப்பதம் கூட இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வண்டியை நிறுத்தி, ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டேன்.

"என்னண்ணே அது, மண்டபத்து கார்ப்பெட்டா?"

"பள்ளிவாசலுது. இன்னிக்குச் சாயந்தரம் விரிச்சாகணும்."

அவள் வண்டியருகே வந்து ஒரு சுருளின் ஓரத்தைப் புரட்டி மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"வெதநெல்லு ஊறப்போட்டா வர்ற வாடைல்ல இது. இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா மொளைச்சு வந்துரும். எந்தப் புண்ணியவான் இப்படி ஊறவச்சது?"

என் மனைவி கட்டைவிரலை என் பக்கம் நீட்டினாள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்தோடேயே முதல்முறையாக வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். "எனக்கு இந்த வேலை சரியாத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி செஞ்சுட்டேன். எப்படிக் காயவைக்கிறதுன்னும் தெரியல."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாமே வேறு மாதிரி நடந்தது.

"மேல காயறது கணக்கே இல்லண்ணே. வயிறு காயணும்," என்றாள். கீழே கிடந்த ஒரு நெல்லை எடுத்துக் கடித்துக் காட்டினாள். "சிமெண்டுல அப்படியே பரத்தினீங்கன்னா மேல வெயில் அடிக்கும், அடியில வேர்த்துக்கிட்டே கெடக்கும். தூக்கிப் போடணும்."

களத்தின் ஓரத்தில் உருளை உருளையாகச் சுருட்டிய வைக்கோல் கட்டுகள் கிடந்தன. அவற்றை உருட்டி வரிசையாக வைக்கச் சொன்னாள். அதன் மேல் நிழலுக்குக் கட்டுகிற பச்சை வலை. வலைக்கு மேல் கம்பளம், அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க. கம்பளத்துக்குக் கீழே காற்று ஓட ஒரு குகை மாதிரி வழி. குகையின் வாயில், நெல் தூற்றுகிற பெரிய காற்றாடியை வைத்துவிடலாம்.

"அப்ப ஒன் நெல்லு?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாதிக் களத்துல ஒதுக்கிக்கறேன்க்கா. ஒதுக்கினா கனமாக் கெடக்கும், அடிக்கடி கிளறணும். நான் ஒருத்தி. நீங்க நாலு பேரு வந்திருக்கீங்கல்ல? எனக்குக் காலைக் குடுங்க, ஒங்களுக்குக் களத்தைக் குடுக்கறேன்."

அப்படியொரு ஒப்பந்தம். கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

களத்துக் கொட்டகையில் கரண்ட் இருந்தது. மெஷினை மாட்டி, சுருள் சுருளாக உறிஞ்சினோம். காய்ந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்த கம்பளத்திலிருந்து வாளி வாளியாகப் பழுப்புத் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வாளியைக் கொட்டும்போதும் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் வாளியைப் பார்ப்பேன். கரையில் இருந்த பழுப்பை வினிகர் தொட்ட துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெள்ளை மெல்ல மெல்லத் திரும்பியது. முதல் முழம் வெளுத்ததும், "ஏங்க, இங்க வந்து பாருங்க," என்று அவள் கூப்பிட்ட குரலில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது.

ஆறையும் விரித்தாயிற்று. காற்றாடி ஓடியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் நெல்லுக்குள் இறங்கினோம். நெல்லிலும் செருப்புக் கூடாது, கம்பளத்திலும் கூடாது, அதனால் அன்று முழுவதும் வெறுங்கால்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெல்லைக் கிளறுவோம். திரும்பி வந்து கம்பளத்தைப் புரட்டுவோம். மறுபடி நெல். உள்ளங்கால் கொதித்தது.

பன்னிரண்டு மணிக்கு நான் வழக்கம்போல உள்ளங்கையை வைத்து, "காஞ்சிருச்சு," என்றேன்.

"ஒங்க கையை நம்பித்தான இந்தக் கதி?" என்றாள் அந்தப் பெண். உரச் சாக்குக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து கம்பளத்தின் மேல் வெயிலில் பரப்பி, நாலு பக்கமும் செங்கல்லை வைத்தாள். "தார்ப்பாய் போட்டு மூடின நெல்லு பச்சையா இருந்தா உள்ள வேர்க்கும். இதுவும் அப்படித்தான இருக்கும்?" கொஞ்ச நேரம் கழித்து உறையைத் தூக்கினால், அதன் அடியில் முத்து முத்தாக நீர். என் கை காய்ந்துவிட்டது என்று சொன்ன இடத்தில்தான்.

இரண்டு மணிக்கு முத்து இல்லை, மூச்சு பட்ட கண்ணாடி போல மங்கலாக இருந்தது. வாடை பாதி போயிருந்தது. எல்லோரும் களத்திலேயே உட்கார்ந்து அவள் கொண்டுவந்த சோற்றையும் நாங்கள் வாங்கிவந்த பொட்டலத்தையும் கலந்து சாப்பிட்டோம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது.

காற்று திடீரென்று குளிர்ந்தது. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. அந்தப் பெண் கொட்டகைக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்தாள். நான் கம்பளத்தைப் பார்த்தேன், நெல்லைப் பார்த்தேன். நாலு பேர் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். கம்பளம் நனைந்தால் என் மூன்று நாளும், கொடுத்த வாக்கும் போச்சு. நெல் நனைந்தால் அவளுடைய ஆறு மாதம் போச்சு. இடம் கொடுத்ததால்தான் அவள் நெல் இன்னும் காய்ந்து முடியாமல் கிடந்தது.

யோசித்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். கால் தன்னால் அவள் பக்கம் போயிற்று. தார்ப்பாயின் அந்த முனையைப் பிடித்தேன்.

"நீங்க ஒங்கள்தைப் பாருங்கண்ணே," என்று கத்தினாள்.

"சோறு மொதல்ல," என்றேன். மனைவியும் அக்காக்களும் அதற்குள் பலகையை எடுத்து நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மழை வரும்போது காய்கிற நெல்லை ஒருவர் மூடிக்கொண்டிருந்தால், ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவார். யார் நெல் என்று கேட்க மாட்டார். அன்றும் அப்படியே நடந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள் நின்றன. ஒரு பால்காரர் கேனோடு சைக்கிளைச் சாய்த்தார். பஸ்ஸுக்கு நின்ற மூன்று பேர் ஓடிவந்தார்கள். நெல்லை மூட வந்தவர்கள், வைக்கோல் மேல் கிடந்த கம்பளத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்கள்.

"இது என்னங்க பயிரு?" என்று கேட்டார் பால்காரர்.

"பள்ளிவாசல் கார்ப்பெட்டு. உள்ள தூக்குங்க," என்றாள் அந்தப் பெண்.

அதற்குமேல் கேள்வி இல்லை. பாதிப் பேர் தார்ப்பாயைப் பிடித்தார்கள், பாதிப் பேர் கம்பளத்தைச் சுருட்டிக் கொட்டகைக்குள் ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் தூக்கிய சுருளை இப்போது இரண்டு பேர் அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஈரம் போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

எல்லாம் மூடி முடித்து, மூச்சு வாங்க நின்றோம். ஏழெட்டுச் சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். மேகம் எங்களைத் தாண்டி வடக்கே போயிற்று. வெயில் திரும்ப அடித்தது. "வேலை வாங்கிட்டுப் போயிருச்சே," என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு அவர்களே கம்பளத்தைத் திரும்ப விரித்துக் கொடுத்து, நெல்லையும் பரத்திவிட்டுத்தான் போனார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

நாலரை மணிக்கு அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையைக் கடைசியாக எடுத்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் இருந்த தென்னைமரம் ஓலை ஓலையாகத் தெரிந்தது. ஒரு புள்ளி ஈரம் இல்லை. ஆறு சுருளிலும் வைத்துப் பார்த்தோம், ஆறிலும் இல்லை. குனிந்து மூக்கை வைத்து முகர்ந்தேன். வெயில் வாசனை மட்டும் இருந்தது.

ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை மெஷினால் உறிஞ்சி எடுத்து, வண்டியில் ஏற்றி, சூரியன் மறைவதற்கு முன் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் சிலர் வந்து உள்ளே வாங்கி விரித்தார்கள். கருநீலமும் வெள்ளைக் கரையும் கோடு போட்டாற்போல ஆறு வரிசையாக விழுந்தன. முத்தவல்லி மண்டியிட்டார். நெற்றியை வைத்தார். என் மனைவி என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதே பிறகுதான் தெரிந்தது.

அவர் எழுந்தார். முதல் வரிசையோடு நிற்காமல், நடந்துபோய்க் கடைசி வரிசையில் ஒரு மூலையில் இன்னொரு முறை வைத்தார். பிறகு எங்கள் பக்கம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கினப்பக்கூட இது இப்படி இல்ல தம்பி."

சற்று நேரத்தில் பிறை தெரிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தெருவெல்லாம் ஆள் நடமாட்டம். நாங்கள் வாசலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் தோளைப் பிடித்தபடி வந்த ஒரு பெரியவர், கால் கழுவி உள்ளே போய், கம்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். கால்களை மடித்து வசதியாக அமர்ந்துகொண்டு, "புதுசா வாங்கிட்டாங்களா?" என்று பக்கத்தில் கேட்டார். நான் அந்தக் கேள்வியை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். "இனிமே புத்தகம் எழுதினவனைப் பேசாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் களத்துப் பெண்ணிடமிருந்து போன். "அண்ணே, ஈரப்பதம் சரியா இருந்துச்சு. ஒரு மூட்டைகூடத் தள்ளல." அவள் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் நாலு பேரும் கைதட்டிவிட்டோம்.

இன்றைக்கு எங்கள் வண்டியின் பக்கவாட்டில் "கார்ப்பெட் சுத்தம் செய்யப்படும்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். மயிலாடுதுறை வரை கூப்பிடுகிறார்கள். மூன்று பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், எங்களை விட்டுப் போன அந்த மண்டபம் உட்பட ஐந்து மண்டபங்கள் எங்கள் கையில். வேலைக்கு இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தண்ணீரைச் சிக்கனமாகத்தான் விடுகிறோம்.

நான் ஜெயித்தவன்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் தெரிந்தவன் மாதிரி நடித்த இரண்டு நாளும் என்னைக் கீழே தள்ளின, "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்க" என்று நின்ற ஒரு காலைப்பொழுதுதான் என்னைத் தூக்கிவிட்டது என்பதை, ஒவ்வொரு புது வாசலிலும் மெஷினை இறக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறேன்.